மார்ச்சிலிருந்து மூன்று பேர்

14

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்தே ஆரின் சரியாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், வைத்ததைச் சாப்பிட்டாள், கணக்கு டியூஷனுக்கும் போய்வந்தாள். ஆனால் எல்லாவற்றையும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செய்தாள்.

விவாகரத்தாகி மூன்று வருடம். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பாவுக்கு, மற்ற நாளெல்லாம் அம்மாவுக்கு என்று ஏற்பாடு. இந்த மூன்று வருடத்தில் மகள் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. பன்னிரண்டு வயது வந்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அம்மா உன்சிம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

நவம்பர் மாதம். ஊரே கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம். மார்ட் வாசலில் உப்பில் ஊறிய முட்டைகோஸ் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே ஒரு பெட்டிகூட வாங்க முடியாது என்பதால், வாசலுக்கு இடப்புறம் இருந்த உறுப்பினர் கவுன்டரில் பத்து மணிக்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அங்கே மூன்றாவது நாற்காலி உன்சிமுடையது.

"சாதா அட்டைக்கு வருஷத்துக்கு நாப்பதாயிரம் வொன். தங்க அட்டைக்கு எண்பதாயிரம். தங்க அட்டை வச்சிருந்தா, நீங்க வாங்கறதுல நூத்துக்கு ரெண்டு வருஷக் கடைசில கூப்பனா திரும்ப வரும். பெட்ரோலும் கிஃப்ட் கார்டும் அதுல சேராது."

எதிரே நின்ற நூடுல்ஸ் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு லாபமா நஷ்டமா, அத மட்டும் சொல்லும்மா."

"மாசம் எவ்வளவுக்கு வாங்குவீங்க?"

"நாலரை லட்சம் இருக்கும். எண்ணெய், மாவு எல்லாம் இங்கதான்."

"அப்ப வருஷத்துக்கு அம்பத்துநாலு லட்சம். திரும்ப வர்றது ஒரு லட்சத்து எட்டாயிரம். கூடுதலா நீங்க கட்டறது நாப்பதாயிரம்தான். எடுத்துக்குங்க சார், உங்களுக்கு லாபம்."

அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்த கல்லூரி மாணவியிடம், "உனக்கு வேண்டாம்மா, சாதாவே போதும்" என்று சொல்லி அனுப்பினாள் உன்சிம்.

பக்கத்து நாற்காலி ஒக்ரான் அக்கா சிரித்தாள். ஐம்பது தாண்டியவள். இந்தக் கவுன்டரில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ டீச்சர் வேலைக்குப் போயிருக்கணும்டி. ஒரு நாளைக்கு ஆறு தங்கம் தேத்துன்னு டீம் லீடர் தலைல அடிச்சுக்கறாரு. நீ கணக்குப் போட்டுப் போட்டு ஆளைத் திருப்பி அனுப்பிட்டிருக்க."

"நஷ்டம்னு தெரிஞ்சும் எப்படிக்கா எடுக்கச் சொல்றது?"

"வாயாலதான். நான் சொல்றேன் பாரு, அப்படி."

வரிசையில் அடுத்து நின்றவள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டை முடி, பழுப்புக் கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"அக்கா, உங்ககிட்டயே வரணும்னுதான் அந்த வரிசையை விட்டுட்டு இதுல நின்னேன். நீங்க உண்மையைச் சொல்றீங்க."

"சொல்லுங்க மேடம்."

"என் வீட்டுக்காரர் இங்க உறுப்பினர். அவரோட அட்டைல குடும்ப அட்டைன்னு ஒண்ணு இலவசமா சேத்துக்கலாமாமே. அதுல என் பேரைப் போடணும். அப்புறம் தங்க அட்டைக்கு மாறினா நல்லதான்னும் பாக்கணும்."

"உறுப்பினர் எண் இருக்கா?"

அவள் போனைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். உன்சிம் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசி நான்கு இலக்கத்தை அவள் சொல்வதற்கு முன்னாலேயே உன்சிமின் விரல்கள் தட்டிவிட்டன.

திரையில் ஆரினின் அப்பா மின் கிவோனின் முகம் வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய முகம். அதை எடுத்த நாளன்று பக்கத்தில் ஆரினைத் தூக்கிக்கொண்டு நின்றவள் உன்சிம்தான். அப்போது அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. வாரச் சாமான் வாங்க வந்த குடும்பம், அவ்வளவுதான். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: குடும்ப அட்டை, பாங் உன்சிம், நீக்கப்பட்டது.

கிவோன் வசந்த காலத்தில் மறுமணம் செய்துகொண்டது அவளுக்குத் தெரியும். பெயர் மிரே என்று ஆரின் ஒருமுறை சொல்லியிருந்தாள். படம் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

உன்சிம் மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கையால் மெல்லத் திருப்பி வைத்தாள்.

"அக்கா, எண் தப்பா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு." அவள் குரல் வழக்கம்போலவே வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "போன பன்னிரண்டு மாசத்துல உங்க வீட்ல வாங்கினது பதினோரு லட்சத்து நாப்பதாயிரம். தங்கத்துக்கு மாறினா திரும்ப வர்றது இருபத்து ரெண்டாயிரத்து எண்ணூறு. கூடக் கட்டறது நாப்பதாயிரம். பதினேழாயிரம் கைய விட்டுப் போகும். இப்ப இருக்கறதே போதும் மேடம்."

"அது ரெண்டு பேர் கணக்குக்கா. மார்ச்சிலேர்ந்து நாங்க மூணு பேர்."

உன்சிமின் கண் தன்னையறியாமல் பழுப்புக் கோட்டின் வயிற்றுப் பக்கம் போய் வந்தது.

"வாழ்த்துகள்," என்றாள்.

மிரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அது இல்லக்கா. அவரோட பொண்ணு. முதல் கல்யாணத்துல பிறந்தவ. மார்ச்ல நடுநிலைப் பள்ளி சேரணும்ல, அதிலேர்ந்து எங்ககூடதான் இருக்கப் போறா."

பின்னால் யாரோ முட்டைகோஸ் பெட்டியை வண்டியிலிருந்து கீழே போட்டார்கள். ஒக்ரான் அக்கா யாரிடமோ தங்க அட்டையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரே முகவரின்னு காட்ட ஒரு தாள் வேணும்," என்றாள் உன்சிம்.

"கொண்டுவந்திருக்கேன்." மிரே பிளாஸ்டிக் உறையிலிருந்து குடும்பப் பதிவுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். நேற்று வட்ட அலுவலகத்தில் எடுத்த தாள். துன்சான் பகுதி, அடுக்குமாடி எண், கதவு எண். கீழே மூன்று வரி.

குடும்பத் தலைவர், மின் கிவோன்.

மனைவி, சா மிரே.

மகள், மின் ஆரின். இந்த முகவரிக்கு வந்த தேதி, அக்டோபர் 24.

உன்சிம் அந்த மூன்றாவது வரியை மூன்று தரம் படித்தாள். பிறந்த தேதியையும் சரிபார்த்தாள். அதைச் சரிபார்ப்பது அவள் வேலை. அக்டோபர் 24 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஆரினுக்கு லேசாக ஜலதோஷம் என்று அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது நினைவிருந்தது. அந்தக் கஞ்சியைக் குடித்தபோது மகளின் பெயர் உன்சிமின் வீட்டுப் பதிவில் இல்லை. பத்தொன்பது நாளாக இல்லை.

"சரியா இருக்கா அக்கா?"

"சரியா இருக்கு."

"அப்ப மூணு பேர்னா லாபம் வருமா?"

"ஒண்ணரை மடங்கு வச்சாலும் பதினேழு லட்சம்தான் வரும். திரும்பக் கிடைக்கிறது முப்பத்துநாலாயிரம். அப்பவும் ஆறாயிரம் நஷ்டம். அந்த ஆறாயிரத்தைப் பிடிக்கணும்னு தேவையில்லாததெல்லாம் வாங்குவீங்க. வேண்டாம் மேடம்."

"வாங்காதன்னு சொல்ற கடைக்காரியை இப்பதான் பாக்கறேன்." மிரே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கவுன்டரின் மேல் சாய்ந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"என்ன வயசு?"

"பன்னிரண்டு."

"நல்லதாப் போச்சு. அந்த வயசுல என்ன சாப்பிடுவாங்க? இவ வந்தா நான் எத வச்சாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்றா. ஆனா கிண்ணத்துல பாதி அப்படியே இருக்கு. அவங்க அம்மாகிட்ட கேக்கலாம்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

உன்சிம் தாளை மேஜையில் நேராக வைத்தாள். ஓரங்களைச் சரிசெய்தாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தெரியாது என்று சொல்லலாம். அந்தப் பாதிக் கிண்ணம் அப்படியே இருக்கட்டும், என்றாவது ஒருநாள் பசித்து வீட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிடலாம்.

"என் பொண்ணு கடற்பாசி சூப் சாப்பிடுவா," என்றாள். "ஆனா மாட்டுக்கறி போட்டா தொட மாட்டா. சிப்பி போட்டா ரெண்டு கிண்ணம் சாப்பிடுவா. வெங்காயத்தாள்ல வெள்ளைப் பாகம் பிடிக்காது. வேண்டாம்னு வாய் திறந்து சொல்லவும் மாட்டா. ஒதுக்கி வச்சிட்டு நல்லா இருக்கும்பா. பச்சைப் பாகத்தை மட்டும் போடுங்க."

மிரே போனில் குறித்துக்கொண்டிருந்தாள். "சிப்பி. வெள்ளைப் பாகம் வேண்டாம். அப்புறம்?"

"முட்டை ரோல்ல சர்க்கரை போடக் கூடாது. உப்புதான்." உன்சிம் நிறுத்தினாள். "என் பொண்ணுக்குச் சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி இருக்காது."

"இல்லக்கா, இவளும் அப்படித்தான்னு தோணுது. ஒதுக்கி வச்சிட்டு நல்லா இருக்குங்கறது அப்படியே இவதான்."

அட்டைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. கேமராவை உன்சிம் திருப்பினாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க மேடம். சிரிங்க."

மிரே சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் கள்ளம் எதையும் உன்சிமால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பத்து நிமிடம் கழித்து ஒக்ரான் அக்கா எட்டிப் பார்த்தபோது மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது.

*

சரக்கு இறங்கும் பின்வாசலில், காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று உன்சிம் போன் செய்தாள். நான்காவது மணியில் எடுத்தான் கிவோன். பாய்லர் கம்பெனியில் பழுது பார்ப்பவன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆரின் அம்மா, வேலை நேரத்துல?"

"ஆரின் எந்த வீட்ல இருக்கா?"

"என்ன கேக்கற? ஸ்கூல்லதான் இருப்பா."

"பதிவுத் தாள்ல எந்த வீட்ல இருக்கான்னு கேக்கறேன்."

மோட்டார் சத்தம் தள்ளிப் போயிற்று. அவன் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"அவ சொல்லிட்டாளா?"

"உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. அட்டை போட்டுக்க வந்தாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க."

"ஐயையோ. அவ எந்த மார்ட்டுக்குப் போறான்னு நான் கேக்கவே இல்ல." கிவோன் பெருமூச்சு விட்டான். "இங்க பாரு, பள்ளிக்கூடம் முகவரியை வச்சுதான் ஒதுக்கறாங்க. தேதி முடிஞ்சிட்டிருந்தது. அப்பா அம்மால ஒருத்தர் போனாலே பதிவு பண்ணிக்கிட்டாங்க. துன்சான் பள்ளிக்கூடம்னா எவ்வளவு பேர் அலையறாங்கன்னு உனக்கே தெரியும்."

"தாளுக்காக மட்டும்னா என்கிட்ட சொல்லியிருப்பீங்க. சொல்லாம செஞ்சிருக்கீங்கன்னா தாளுக்காக மட்டும் இல்ல."

அவன் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என் பொண்ண என்கிட்டேர்ந்து பிரிக்கணும்னு எத்தனை நாளா யோசிச்சே நீ?" பத்து வருடம் வாழ்ந்தபோதும் அதற்குப் பிறகும் அவனை நீ என்று சொன்னதில்லை அவள். இப்போது வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவும் இல்லை.

"நான் கூப்பிடல உன்சிம்."

"பின்ன?"

"ஆரின்தான் கேட்டா. ஆகஸ்ட்லயே கேட்டா. நான் ரெண்டு மாசம் தட்டிக் கழிச்சேன். அம்மாகிட்ட பேசுன்னேன். நானே சொல்றேன், நீங்க சொல்லாதீங்கன்னா. சத்தியமா இதுக்குள்ள சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

உன்சிமுக்கு அவனைத் திட்டுவதற்கு நிறையச் சொற்கள் இருந்தன. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்தவை. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கிவோனுக்குக் கோழைத்தனம் உண்டு, சோம்பல் உண்டு. பொய் மட்டும் சொல்ல வராது. அவர்கள் பிரிந்ததற்கே அதுவும் ஒரு காரணம்.

"ஏன்னு சொன்னாளா?"

"கேட்டேன். சொல்லல."

அவள் போனை வைத்தாள். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தபோது ஒக்ரான் அக்கா கையில் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தாள். காபியை உன்சிமின் கையில் திணித்தாள்.

"குடி. சர்க்கரை ரெண்டு போட்டிருக்கேன்."

"அக்கா, உங்க பையன் ராணுவத்துக்குப் போனப்ப எப்படி இருந்தீங்க?"

"அவன் போனதுக்கு அப்புறம் ஒரு வாரம் மூணு பேருக்கு அரிசி போட்டுக்கிட்டே இருந்தேன். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?" ஒக்ரான் அக்கா அவள் தோளைத் தட்டினாள். "சொல்லணும்னு தோணறப்ப சொல்லு. இப்ப வா. டீம் லீடர் பேக் உன்னைத் தேடிக்கிட்டிருக்காரு."

டீம் லீடர் பேக் அவளுக்காகக் கவுன்டரிலேயே காத்திருந்தார். காலையிலிருந்து அவள் சேர்த்த தங்க அட்டை ஒன்றே ஒன்று. மற்ற நால்வரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கடை யாருடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். உன்சிம் தலைகுனிந்து நின்றாள். மற்ற நாளாக இருந்தால் அது அவளைச் சுட்டிருக்கும். இன்றைக்கு அது எங்கோ வேறு யாரையோ பேசுவதுபோல் இருந்தது.

சாயங்காலம் வரை இருபத்தெட்டுப் பேருக்கு அவள் கணக்குச் சொன்னாள். ஒரு கணக்குகூடத் தப்பாகவில்லை.

*

ஆரின் ஏழு மணிக்கு வந்தாள். பையைக் கழற்றிச் செருப்பு வைக்கும் இடத்திலேயே விட்டாள். சின்ன வீடு. வாசலில் நின்றாலே அடுப்பும் தெரியும், சாப்பாட்டு மேஜையும் தெரியும், அம்மாவின் முகமும் தெரியும்.

உன்சிம் சோயா விழுதுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஆரின் நாலு வாய் சாப்பிடும் வரை அவள் காத்திருந்தாள். பசியோடு இருக்கும்போது கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தாள்.

"இன்னைக்கு மிரே சித்தி எங்க மார்ட்டுக்கு வந்தாங்க."

ஆரினின் கரண்டி நின்றது.

"நல்லவங்களா இருக்காங்க," என்றாள் உன்சிம். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. "உனக்கு என்ன பிடிக்கும்னு என்கிட்ட கேட்டாங்க. நான் யாருன்னு தெரியாமலே கேட்டாங்க."

"அம்மா."

"தாளையும் பாத்தேன்."

ஆரின் கரண்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று உன்சிம் எதிர்பார்த்தாள். அழவில்லை. பல நாளாகச் சுமந்த எதையோ இறக்கிவைத்ததுபோல் அவள் தோள்கள் தளர்ந்தன. அதைப் பார்க்கத்தான் உன்சிமுக்குத் தாங்கவில்லை.

"அங்க தனி ரூம் இருக்குன்னு போறியா?"

"இல்லம்மா."

"பள்ளிக்கூடமா? உன் ஃப்ரண்ட் யாராவது அங்க சேர்றாங்களா?"

"அதுவும் இல்ல."

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா? சாதா அட்டை, தங்க அட்டைன்னு வீட்லயும் கணக்குப் பேசிக்கிட்டே இருக்கேனா? சொல்லு, மாத்திக்கறேன்."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா."

"பின்ன என்னடி?"

ஆரின் மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்துக் கடித்துச் சின்னதாக்கியிருந்தாள். அதை உன்சிம் இப்போதுதான் கவனித்தாள்.

"நீ வேலைலேர்ந்து வந்ததும் முதல்ல என் மூஞ்சியத்தான் பாப்ப. பையைக்கூட வைக்க மாட்ட. நான் நல்லா இருக்கேனான்னு பாப்ப. நான் நல்லா இருந்தா உன் மூஞ்சி நல்லா ஆகும். நான் கொஞ்சம் டல்லா இருந்தா நீ குளியலறைக்குப் போய்க் குழாயத் திறந்து விட்டுக்கிட்டு அழுவ. எனக்குக் கேக்கும்."

"எப்ப அழுதேன்?"

"கேக்கும்மா."

உன்சிம் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனால நான் நல்லா இருக்கற மாதிரியே மூஞ்சிய வச்சுக்கணும். தினமும். ஸ்கூல்ல யாராவது திட்டினாலும், மார்க் குறைஞ்சாலும். எனக்கு மூஞ்சி வலிக்குதும்மா." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "அங்க யாரும் என்னைப் பாக்கறதில்ல. அப்பா டிவி பாப்பாரு. மிரே சித்தி போன் பாப்பாங்க. நான் சும்மா உம்முன்னு உக்காந்திருந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

குழம்பு ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. உன்சிம் அதைக் கரண்டியால் ஒதுக்கினாள். ஏன் ஒதுக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் கடைசியில்.

"கேட்டா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப. அதான் கேக்கல."

அது உண்மை. அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். பிறகு குழாயைத் திறந்திருப்பாள்.

உன்சிம் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடிக்க நினைத்து, பிடித்தால் அதையும் ஆரின் அளந்து பார்ப்பாளோ என்று பயந்து, தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மகளிடம் நெருங்குவதற்கு இத்தனை யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"சரி. மார்ச்சுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு," என்றாள். "அதுக்குள்ள நான் மாறப் பாக்கறேன். உன் மூஞ்சியப் பாக்காம இருக்கப் பழகறேன். மாறலன்னா போ. அப்ப நானே கொண்டுபோய் விடறேன்."

ஆரின் தலையை ஆட்டவில்லை.

"மார்ச்னு அப்பா சொன்னதும்மா. சித்திகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காரு. நான் அதுக்கு முன்னாடியே வர்றேன்னு கேட்டிருக்கேன்."

"எப்ப?"

"நாலு மாசம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நாள எண்ணிக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா. நீ ஒவ்வொரு நாளும் எனக்குப் பிடிச்சதா சமைப்ப." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த சனிக்கிழமை."

நாளை மறுநாளுக்கு அடுத்த நாள்.

"சனிக்கிழமை எனக்கு வேலைடி. காலைல ஒன்பதரைலேர்ந்து."

"தெரியும்," என்றாள் ஆரின். "அதனாலதான் சனிக்கிழமை."

உன்சிம் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். டீம் லீடர் பேக் உடனே எடுத்தார்.

"சார், சனிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"கிம்ச்சி சீசன்ல, சனிக்கிழமையா? வருஷத்துலயே அன்னைக்குத்தான் கூட்டம். காலைல நான் சொன்னது மனசுல இருக்கா? உங்க பேர் ஏற்கெனவே மேல வரைக்கும் போயிருக்கு. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார். என் பொண்ணு வீடு மாறுறா. சாமானெல்லாம் கட்டணும். நான் வரல."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்காமலே போனை அணைத்தாள். சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக் கொடுக்கப் போகிறாளா, வாசலை மறித்துக்கொண்டு நிற்கப் போகிறாளா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

திரும்பினாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஆரின் அங்கே நின்றுகொண்டிருந்தாள். நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சனிக்கிழமை நீ இருக்காதம்மா," என்றாள். "நீ இருந்தா என்னால போக முடியாது."